ஒடிசி ஓலெட் ஜி9: குமரி மாவட்டத்து வீட்டில் 49 அங்குல வளைவு மானிட்டர்

பகலிலும் இருட்டாக்க முடிகிற அறை, ஒழுங்கான எர்த், இரண்டரை அடி ஆழமுள்ள மேசை. இந்த மூன்றும் உள்ள வீட்டில் சாம்சங் ஒடிசி ஓலெட் ஜி9 தரும் சுகத்துக்கு ஈடு சொல்வது கஷ்டம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கொடுத்த பணத்தை நினைத்து வருந்தும் நாள் வரும். குமரி மாவட்டத்தில் இவை தானாக அமைந்துவிடுவதில்லை. மேற்குப் பார்த்த ஜன்னல், உப்புக் காற்று, வருஷத்துக்கு இரண்டு பருவமழை, இடியோடு இறங்கும் கோடைமழை எல்லாம் இங்கே உண்டு. அதனால் இந்த மதிப்பீட்டில் பேனலைப் பற்றிப் பேசும் அளவுக்கு அறையைப் பற்றியும் கரண்டைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

2023-ல் வந்த மாடல் இது. ஒரே அளவில் இரண்டு வகை உண்டு: ஜி95எஸ்சி, ஜி93எஸ்சி. முதலாவதில் டைசன் (Tizen) என்ற சாம்சங் டிவி மென்பொருள் இருப்பதால் கணினி இல்லாமலே யூடியூபும் ஓடிடியும் பார்க்கலாம். இரண்டாவதில் அந்த வசதி கிடையாது. கேம் ஆடவும் கணினி வேலைக்கும் வாங்குகிறவருக்கு ஜி93எஸ்சி போதும் என்பது எங்கள் கருத்து. ஓலெட் திரையை வீட்டு டிவியாகவும் ஓட்டுவது நல்லதில்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் அளவு. அகலம் கிட்டத்தட்ட 120 செ.மீ., அதாவது ஏறக்குறைய நாலு அடி. 5120 × 1440 பிக்சல். 27 அங்குல கியூஎச்டி (2560 × 1440) மானிட்டர் இரண்டை நடுவில் சட்டம் இல்லாமல் ஒட்டி வைத்தால் எப்படியோ, அப்படி. உயரம் 27 அங்குல மானிட்டரின் உயரம்தான். "49 அங்குலம்" என்ற எண்ணைக் கேட்டு டிவி அளவுக்கு உயரம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வளைவு 1800 ஆர். 1800 மி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்தின் துண்டு என்று அர்த்தம். எண் குறையக் குறைய வளைவு கூடும். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 120 செ.மீ. அகலமுள்ள திரை 1800 ஆரில் வளைந்தால், இரண்டு ஓரங்களும் நடுப்பகுதியைவிட 10 செ.மீ. முன்னால் வரும். 1000 ஆர் என்றால் 20 செ.மீ. வரும். கண் திரையின் நடுவிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டைத் திரையாக இருந்தால் ஓரம் 96 செ.மீ. தூரத்தில் இருக்கும். 1800 ஆரில் அது 88 ஆகிறது, 1000 ஆரில் 81. நடுவிலிருந்து ஓரத்துக்குப் பார்வை ஓடும்போது கண் சமாளிக்க வேண்டிய வித்தியாசம் 21-லிருந்து 13-க்கும், 6-க்கும் குறைகிறது. வளைவின் பயன் இவ்வளவுதான், ஆனால் அகலமும் உயரமும் 32:9 விகிதத்தில் உள்ள திரையில் அது சின்னப் பயனில்லை. 27 அங்குலத்தில் வளைவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. 49 அங்குலத்தில் வளைவு இல்லாவிட்டால் ஓரத்தில் இருக்கும் மேப்பைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டி வரும்.

1000 ஆரைவிட 1800 ஆர் வேலைக்கு நல்லது. எக்ஸெல் கோடுகளும் வரைபடக் கோடுகளும் 1000 ஆரில் வில்லாக வளைந்து தெரியும். கட்டட பிளான் போடுகிறவர்களும் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கார் ஓட்டும் கேமும் விமான கேமும் மட்டும்தான் என்றால் 1000 ஆர் இன்னும் சுகம்.

கடையில் வாங்கும் கம்ப்யூட்டர் டேபிள் பெரும்பாலும் இதற்கு ஆகாது. ஆழம் இரண்டடிக்குள் இருக்கும், பலகை பார்ட்டிக்கிள் போர்டாக இருக்கும். நம் மழைக்காலத்தில் பார்ட்டிக்கிள் போர்டின் ஓரத்தில் ஈரம் ஏறி உப்பிவிடும். அதன்மேல் மானிட்டர் ஆர்மின் கிளாம்ப்பை இறுக்கினால் பலகை அமுங்கி, கனம் முழுவதும் முன்பக்கம் சாயும். ஆசாரியிடம் சொல்லிச் செய்வதே மலிவு, உறுதியும் கூட. எட்டடிக்கு நாலடி 19 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் எடுத்தால் ஐந்தடிக்கு இரண்டரை அடி மேல்பலகை கிடைக்கும். மிச்சத்தில் பக்கப் பலகைகள் வரும். வீட்டில் பழைய அயினிப் பலகை கிடந்தால் அதைவிட நல்லது கிடையாது. மேசையின் பின் ஓரத்தில் 60 மி.மீ. துளை ஒன்று, வயருக்கு. இந்த மானிட்டருக்கு பவர் அடாப்டர் தனியாக வெளியே வருகிறது. அதைத் தரையில் போடாமல் பலகைக்கு அடியில் ஒரு தட்டு அடித்து அதில் வைக்கச் சொல்லுங்கள். மழை நாளில் தரை துடைத்த ஈரம் காய நேரமாகும்.

கூடவே வரும் ஸ்டாண்டில் உயரம் 120 மி.மீ. வரை ஏறி இறங்கும், முன்னும் பின்னும் சாயும். பக்கவாட்டில் திரும்பாது. ஆர்ம் போடுவதென்றால் பின்னால் 100 × 100 துளை உண்டு. ஆனால் ஆர்ம் வாங்கும்போது "49 அங்குலம் வரை" என்ற வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். வளைவுத் திரையின் கனம் முன்னால் தள்ளி நிற்பதால் சாய்வு மூட்டுக்குத்தான் சோதனை. எடைக் கணக்கில் தாங்கும் ஆர்ம்கூட மெல்ல மெல்லத் தலைகுனியும். மானிட்டரின் எடையைவிடக் குறைந்தது மூன்று, நான்கு கிலோ கூடுதலாகத் தாங்கும் ஆர்ம் எடுத்து, கிளாம்ப்புக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும்.

இனி படம். இருண்ட அறையில் இந்தத் திரைக்கு முன் உட்கார்ந்தால் முதலில் தெரிவது கருப்பு. ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, தானே அணைகிறது. இரவுக் காட்சியில் வானம் திரையின் சட்டத்தோடு கலந்துபோகும். தெருவிளக்கு மட்டும் தனியாக மிதக்கும். பின்விளக்கு மானிட்டரில் தெரியும் சாம்பல் மூட்டம் துளிகூட இல்லை. அசைவும் அப்படியே. பிக்சல் நிறம் மாற 0.03 மில்லிசெகண்ட் என்று பெட்டியில் போட்டிருப்பது ஓலெட்டின் இயல்பு, விஏ எனும் எல்சிடி வகைப் பேனலில் வரும் கரும்புகை போன்ற வால் இதில் கிடையாது. 240 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 240 முறை படம் மாறும் வேகத்தில், காரை வளைவில் திருப்பும்போது ஓரத்துப் பலகையில் எழுதியிருப்பதை வாசிக்க முடிகிறது.

அதே திரையை மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைத்து மாலை நாலு மணிக்குப் பாருங்கள். கருப்பு இல்லை. மானிட்டர் அணைந்திருக்கும்போதே பேனல் கத்தரிப்பூ நிறம் ஏறிய சாம்பலாகத் தெரியும். காரணம், இந்தப் பேனல் க்யூடி ஓலெட் வகை, மற்றத் திரைகளில் இருக்கும் போலரைசர் எனும் ஒளி வடிகட்டும் தாள் இதில் கிடையாது. அதனால் உள்ளிருந்து வரும் வெளிச்சம் வீணாகாமல் முழுதாக வெளியே வருகிறது. வெளி வெளிச்சமும் அதேபோல உள்ளே போய்ச் சிதறித் திரும்புகிறது. மேலே இருக்கும் பளபளப்பு வேறு. பின்னால் கொடியில் காயும் வேட்டிகூடத் தெரியும். முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது பிரகாசம் சுமார் 250 நிட்ஸ்தான். வெளிச்சமான முன்னறையில் அது போதாது. சின்ன இடத்தில், ஒரு தீப்பொறியோ ஹெட்லைட்டோ தெரியும் இடத்தில், அது பல மடங்கு ஏறும். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் முறையின் அழகு அந்தச் சின்ன இடங்களில்தான். தடித்த திரைச்சீலை, மானிட்டரின் முதுகு ஜன்னலைப் பார்க்கும்படி மேசை, டியூப்லைட்டுக்குப் பதிலாக மானிட்டருக்குப் பின்னால் மங்கலான விளக்கு: இந்த மூன்று மாற்றத்தில் படம் வேறு தரத்துக்குப் போய்விடும். வாசல் பக்க அறையில் வெளிச்சத்தைத் தடுக்க வழியே இல்லை என்றால் இதை வாங்க வேண்டாம்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு என்று ஒரு சங்கதி இருக்கிறது. மற்ற மானிட்டர்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். இந்தப் பேனலில் அவை முக்கோணமாக நிற்கின்றன. பச்சை மேலே, மற்ற இரண்டும் கீழே. அதனால் வெள்ளைப் பின்னணியில் உள்ள கரிய எழுத்தின் மேல் கீழ் விளிம்புகளில் மெல்லிய பச்சையும் ரோஸும் கசியும். ஆங்கில எழுத்தில் இது பெரிதாக உறுத்தாது. தமிழில் புள்ளி இருக்கிறதே, அங்கே பிடிபடும். க், ம், ள் ஆகியவற்றின் தலையில் நிற்கும் புள்ளி ஓரிரு பிக்சல்தான். 100 சதவீத அளவில், சின்ன எழுத்தில், அந்தப் புள்ளி கருப்பாக இல்லாமல் நிறம் பூசிய துகளாகத் தெரியும். ணகரத்தின் சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விண்டோஸில் திரை அளவை 125 சதவீதம் வைத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். எழுத்தைத் தெளிவாக்கும் விண்டோஸ் கருவியான கிளியர்டைப் டியூனரை ஒருமுறை ஓட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். இருண்ட பின்னணி வைத்தால் கசிவு கண்ணில் படுவது குறைவு. நாள் முழுக்கத் தமிழில் டைப் செய்யும் டிடிபி வேலைக்கு இந்த மானிட்டரைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கிராபிக்ஸ் கார்டு கணக்குக்கு வருவோம். 5120 × 1440 என்றால் 73.7 லட்சம் பிக்சல். 4கே திரையில் 82.9 லட்சம். ஆகவே இதை ஓட்ட கிட்டத்தட்ட 4கே ஓட்டும் கார்டு வேண்டும். பழைய கார்டை வைத்துக்கொண்டு மானிட்டரை மட்டும் மாற்றினால், 1440பி-யில் (2560 × 1440) 120 ஃபிரேம் வந்துகொண்டிருந்த கேம் 60, 65-க்கு இறங்கிவிடும்.

அடுத்தது வயர் வழியாகப் போகும் அளவு. டிஸ்பிளேபோர்ட் 1.4-ல் நொடிக்கு 25.92 ஜிகாபிட் படத் தகவல் போகும். இந்தத் திரையை 120 ஹெர்ட்ஸில் 8 பிட் நிறத்தில் ஓட்டவே 21 ஜிகாபிட்டுக்கு மேல் தேவை. 240 ஹெர்ட்ஸ் என்றால் 42-ஐத் தாண்டும். அதனால் 240-க்கு டிஎஸ்சி எனும் சுருக்கும் முறை கட்டாயம். என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்கு டிஎஸ்சி தெரியாது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து தெரியும். ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 5000-லிருந்து. 240 வரவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது கார்டு, இரண்டாவது கேபிள். பெட்டியில் வந்த கேபிளையே போடுங்கள். நீளம் போதவில்லை என்று கடையில் கிடைக்கும் ஐந்து மீட்டர் கேபிளைச் செருகினால் திரை நடுநடுவே கருத்துப்போகும். சிபியூவை மேசைக்குப் பக்கத்தில் நகர்த்துவதுதான் வழி. மூன்றாவது காரணம் கேட்டால் எளிது, ஆனால் பலர் தவறவிடுவது: விண்டோஸ் தானாக 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைத்திருக்கும். டிஸ்பிளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய் 240-ஐ நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிஎஸ்சியால் படம் கெடுவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் என்விடியா 30, 40 வரிசைக் கார்டுகளில் முழுத்திரை கேமிலிருந்து ஆல்ட் டேப் போட்டு வெளியே வந்தால் திரை சில நொடி கருத்துவிட்டு வரும். மானிட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கேமை பார்டர்லெஸ் முறையில் ஓட்டினால் தொல்லை நீங்கும்.

எந்த கேம் திரையை நிரப்பும்? யூரோ டிரக் சிமுலேட்டர் 2, அசெட்டோ கோர்சா, ஃபோர்ஸா ஹொரைசன் 5, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், சைபர்பங்க் 2077 எல்லாம் முழு அகலத்துக்கும் விரியும். ஸ்டியரிங் வீல் வைத்து லாரி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு பக்கக் கண்ணாடியும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. இந்த மானிட்டர் பிறந்ததே அதற்காக என்று சொல்லலாம். வாலரன்ட் 16:9 பார்வையைத்தான் தரும், பக்கங்கள் கருப்பாக நிற்கும். எல்டன் ரிங்கும் அப்படித்தான், அதிலும் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் 16:9 மட்டுமே அனுப்பும். திரையில் சரிபாதி வெறுமனே கிடக்கும். வாலரன்ட் ஒன்றே ஆடுகிறவர், கன்சோல் ஒன்றே வைத்திருப்பவர், இவர்கள் 27 அங்குலத் தட்டைத் திரை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை வங்கியில் போடலாம்.

எச்டிஆர் அமைப்புக்கு ஒரு வரிசை இருக்கிறது. விண்டோஸ் 11-ல் எச்டிஆரை ஆன் செய்து, விண்டோஸ் எச்டிஆர் கேலிப்ரேஷன் என்ற செயலியை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கி ஓட்டி, பிறகு கேமுக்குள் போய் அங்கே உள்ள உச்சப் பிரகாச அளவை அதே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசை மாறினால் மேகம் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிடும். சாதாரண வேலைக்கு எச்டிஆரை அணைத்துவிடுவது நல்லது. விண்டோஸ், ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மாறிக்கொள்ளும்.

லோடிங் திரையிலும் இருண்ட காட்சியிலும் ஒரு சிமிட்டல் வரும். கரண்டு ஏறி இறங்குகிறது என்று ஸ்டெபிலைசர் தேட வேண்டாம். ஃபிரேம் எண்ணிக்கையோடு சேர்ந்து திரையின் ஹெர்ட்ஸும் மாறும்போது ஓலெட்டில் கருஞ்சாம்பல் நிறங்களின் பிரகாசமும் லேசாக மாறுகிறது, அதுதான் காரணம். 70-க்கும் 140-க்கும் இடையே ஆடும் கேமை 90-ல் பூட்டி வையுங்கள். சிமிட்டல் பெரும்பாலும் நின்றுவிடும். வேகமான கேம்களில் உச்சத்தை 225-ல் பூட்டலாம்.

ஓலெட்டுக்கு உள்ள பெரிய பயம் பர்ன்-இன். நெடுநேரம் அசையாமல் எரியும் பிக்சல்கள் மற்றவற்றைவிட முன்னால் தேய்ந்து, அதன் நிழல் திரையில் தங்கிவிடும். கேமால் வரும் ஆபத்தைவிட டாஸ்க்பாரால் வரும் ஆபத்து அதிகம். செய்திச் சேனலின் ஓடும் வரி, கிரிக்கெட் ஸ்கோர் பட்டை, சேனல் லோகோ, இவை அதைவிட மோசம். டிவியாக ஓட்ட வேண்டாம் என்றது இதனால்தான். தினமும் 16:9-ல் மட்டும் ஆடினாலும் நடுப்பகுதி தேய்ந்து பக்கங்கள் புதிதாக இருக்கும். பிறகு முழு அகலத்தில் பார்க்கும்போது எல்லை தெரியும். டாஸ்க்பாரைத் தானாக மறைய விடுங்கள். வால்பேப்பரைக் கருப்பாக்குங்கள். மூன்று நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படி வையுங்கள். எச்டிஆர் இல்லாத சாதாரண முறையில் பிரகாசத்தை இரவில் பாதிக்குக் கீழே வைத்தாலே போதும்.

இவற்றைவிட முக்கியமாக ஒன்று உண்டு, நம் வீடுகளில் அது ஊறிப்போன பழக்கத்தோடு மோதுகிறது. படுக்கப் போகும் முன் சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஓலெட் மானிட்டருக்கு அது ஆகாது. பல மணி நேரம் ஓடி முடிந்த பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் அது பிக்சல்களை அளந்து தேய்மானத்தைச் சமன் செய்கிறது. சுவரிலேயே அணைத்தால் அந்த வேலை நடக்காது. நாளுக்கு நாள் பாக்கி சேரும். மானிட்டரின் பொத்தானால் அணைத்து, கால் மணி நேரமாவது கரண்டு இருக்க விட்டு, அதன்பிறகு வேண்டுமானால் சுவரில் அணையுங்கள். வீட்டில் அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கரண்டு விஷயத்தில் குமரிக்குத் தனிக் கவனம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மலைப்பக்கமிருந்து பிற்பகலில் இடிமழை இறங்கும். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் உள்ளவர்களுக்கு இது தெரியும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையோடு மறுபடியும் வரும். இடி கேட்க ஆரம்பித்ததும் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட வேண்டும். ஸ்விட்சை அணைப்பது போதாது, மின்னலுக்கு ஸ்விட்சின் அந்தச் சிறு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. கூடவே கணினிக்கு வரும் லேன் கேபிளையும் உருவுங்கள். ரவுட்டர் வழியாக ஏறி, மதர்போர்டைத் தாண்டி, டிஸ்பிளேபோர்ட் வயரில் மானிட்டர் வரைக்கும் போகும்.

இன்னொன்று நியூட்ரல். தென்னை மட்டை விழுந்து லைனில் நியூட்ரல் அறுந்தால், மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் 230 வோல்ட் வர வேண்டிய சாக்கெட்டில் 300, 350 என்று ஏறிவிடும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கும் சர்ஜ் பாதுகாப்பு ஒரு நொடித் துள்ளலுக்குத்தான். தொடர்ந்து ஏறி நிற்கும் வோல்டேஜில் அது கருகிப்போகும். மெயின் போர்டில் அதிக வோல்டேஜ் வந்தால் வெட்டிவிடும் ரிலே ஒன்றும், டைப் 2 சர்ஜ் பாதுகாப்புக் கருவி ஒன்றும் வைப்பதற்கு ஆகும் செலவு, மானிட்டர் விலைக்கு முன்னால் மிகச் சிறிது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்டு இல்லை. அப்படிப்பட்ட நீண்ட தடைக்குப் பிறகு கரண்டு வந்ததும் உடனே பிளக்கைச் செருகாமல் பத்து நிமிடம் பொறுப்பது நல்லது.

எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் உள்ள அளவும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் உள்ள அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எர்த் பக்கம் நூறு வோல்ட்டோ அதற்குக் கீழோ காட்டினால் எர்த் இல்லை என்று அர்த்தம். மணல் பாங்கான கடற்கரை ஊர்களில் கோடையில் எர்த் குழி வறண்டும், கம்பி துருப்பிடித்தும் இப்படி ஆகும். கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? எர்த்தைச் சரிசெய்யும் வரை மானிட்டரை அதில் செருகாதீர்கள்.

யுபிஎஸ் கணக்கு இது. ஆர்டிஎக்ஸ் 4080 மட்டும் 320 வாட் வரை இழுக்கும். பிராசசரும் மற்றவையும் 150 முதல் 200. மானிட்டருக்குச் சுமார் 100 வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத் திரையில் கூடும், இருண்ட காட்சியில் குறையும். மொத்தம் 600 வாட்டை ஒட்டி வரும். கடையில் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான். கேம் நடுவே கரண்டு போனால் அதுவும் சேர்ந்து அணையும். 1500 விஏ-க்குக் குறையாமல், சுத்தமான சைன் அலை தரும் யுபிஎஸ் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் பின்பக்கத்தில் யுபிஎஸ் மோட் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் கூடுதல் என்பதால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் அலை இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், கன்னியாகுமரி போன்ற கரையோர ஊர்களில் உப்பு தனி எதிரி. ஜன்னல் திறந்திருக்கும் அறையில் நாலைந்து நாளில் திரைமேல் கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்புப் படியும், அதில் தூசி ஒட்டும். கையில் கிடைத்த துணியை எடுத்து உலர்வாகத் துடைத்தால் உப்புத் துகள் அரம்போலக் கோடு போடும். இந்தப் பேனலின் மேல்பூச்சு மென்மையானது. ஆழமான கீறல் மீளாது. முதலில் கை பம்ப்பால் ஊதித் தூசியைப் போக்க வேண்டும். பிறகு மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். கடைசியாக உலர்ந்த இன்னொரு மைக்ரோஃபைபர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் புதிதாக உடைத்த பாட்டில் என்றால் சரிதான். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைத் தொடாதீர்கள். திரையில் நேராக ஸ்பிரே அடித்தால் கீழ் விளிம்பு வழியாக இறங்கி எலக்ட்ரானிக்ஸைத் தொடும்.

பின்பக்கம் உள்ள போர்ட்டுகளில் பயன்படுத்தாதவற்றுக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஜி95எஸ்சி-யில் ஒரு மைக்ரோ எச்டிஎம்ஐ இருக்கிறது. சின்ன முள்ளுகள், பச்சைக் களிம்பு பிடித்தால் சீக்கிரம் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபிள்களைக் கழற்றி, முனையில் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பொடி எறும்புத் தொல்லை உள்ள வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி: எல்சிடியில் பின்விளக்குக்கும் பேனலுக்கும் நடுவே பூச்சி புகுந்து, செத்து, கரும்புள்ளியாக நிற்பதுண்டு. ஓலெட்டில் அந்த இடைவெளியே இல்லை. மின்சுற்று உள்ள பின்பகுதிக்குள் எறும்பு போகாது என்று அர்த்தமில்லை, மேசைமேல் டீ டம்ளரையும் பழம்பொரியையும் வைக்காமல் இருப்பதே காவல்.

அறை வெளிச்சமாகத்தான் இருக்கும் என்றால் அதே 49 அங்குலத்தில் 2021-ல் வந்த ஒடிசி நியோ ஜி9-ஐப் பாருங்கள். விஏ பேனல், 1000 ஆர் வளைவு, பின்னால் 2048 பகுதிகளாகப் பிரித்த மினி எல்இடி, அதே 240 ஹெர்ட்ஸ். பகல் வெளிச்சத்தில் இதைவிட நன்றாக நிற்கும், பர்ன்-இன் பயமும் கிடையாது. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி லேசான ஒளிவட்டம் வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேசையோ கார்டோ போதாதவர்களுக்கு 34 அங்குலம், 3440 × 1440. அதில் 49.5 லட்சம் பிக்சல்தான். நடுத்தரக் கார்டே ஓட்டிவிடும், நாலடி மேசை போதும்.

ஆன்லைனில் வாங்குவதென்றால் பணம் கட்டும் முன் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, உங்கள் 629-ல் தொடங்கும் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்வார்களா, இல்லை பெட்டியை வெளியூர் அனுப்ப வேண்டுமா. இரண்டு, வாரண்டியில் பர்ன்-இன் சேருமா. போன் பேச்சை நம்ப வேண்டாம், வாரண்டித் தாளில் அந்த வரி இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை மச்சில் பத்திரமாக வையுங்கள், அவை இல்லாமல் இந்த அகலத் திரையை உடையாமல் அனுப்ப முடியாது.

பெட்டியைப் பைக்கில் குறுக்கே வைத்துக் கொண்டுவரக் கூடாது. நிமிர்த்தி வைக்கக்கூடிய வண்டி வேண்டும். மழை நாளில் வந்தால் பெட்டியைத் திறந்து அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுத்தான் கரண்டு கொடுக்க வேண்டும். பிரிப்பதிலிருந்து முதல் படம் வரும்வரை வீடியோ எடுங்கள். தூக்குவதற்கு இரண்டு பேர். தெர்மோகோல் தொட்டிலில் குப்புறக் கிடக்கும்போதே ஸ்டாண்டை மாட்டிவிட வேண்டும். கட்டிலிலோ தரையிலோ குப்புறப் படுக்கவைத்தால் வளைவின் இரண்டு ஓரமும் மொத்தக் கனத்தையும் தாங்கி விரிசல் விடும். பிடிப்பது பின்பக்கமும் கீழ்ச் சட்டமும் மட்டுமே. முன்பக்கத்தில் கட்டைவிரல் அழுந்தவே கூடாது.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரவில் அறையை இருட்டாக்கிச் சோதியுங்கள். முழுத் திரையிலும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்பு என்று தனித்தனி நிறப் படம் போட்டு எரியாத புள்ளியும் அணையாத புள்ளியும் இருக்கிறதா என்று அடி அடியாகப் பாருங்கள். அடுத்து ஐந்து சதவீதச் சாம்பல் படம். செங்குத்துக் கோடுகளோ அழுக்குத் திட்டோ இருந்தால் இதில்தான் தெரியும். மெல்லிய கோடுகள் முதல் சில நாள் ஓடியபின் குறையலாம், தடித்த பட்டை குறையாது. 240 ஹெர்ட்ஸில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஒரு கனமான கேம் ஓட்டுங்கள். திரை ஒருமுறைகூடக் கருக்காமல் இருந்தால் கேபிளும் கார்டும் சரி. அதன்பிறகு பொத்தானால் அணைத்து, சுவர் ஸ்விட்சைத் தொடாமல் விடுங்கள்.